"குடி"ன்னா நல்ல பொண்டாட்டியா? குட்வைஃப்ங்கிற சொல்லோட கதை

1692ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் சேலம்ங்கிற ஊர்ல நடந்த சூனியக்காரி வழக்குங்கள தமிழ்ல படிக்கிறப்போ ஒரு எடத்துல கண்டிப்பா முட்டிக்கும். அங்க பொம்பளைங்க பேருக்கு முன்னாடி "குட்வைஃப்"னு இருக்கும், சுருக்கி "குடி"னும் எழுதிருப்பாங்க, குடி நர்ஸ், குடி ஆஸ்போர்ன்னு. என் கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்புல அத "நல்ல மனைவி செவிலியர்"னு போட்ருந்தாங்க. நர்ஸ்ங்கிறது அந்தம்மா வீட்டுக்காரரோட குடும்பப் பேருங்க, ஆஸ்பத்திரி வேலை இல்ல. "நல்ல மனைவி"யும் தப்புதான், ஆனா அது ஏன் தப்புன்னு கேட்டா அந்த ஊரே நமக்கு புரிஞ்சிடும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல ஒன்னு, இந்த "குடி"க்கும் நம்ம குடி, குடும்பத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஓசை மட்டும்தான் ஒன்னா இருக்கு.

பழைய இங்கிலீஷ்ல "வைஃப்"ங்கிறதுக்கு பொம்பளைன்னுதான் அர்த்தம், பொண்டாட்டிங்கிற குறுகின அர்த்தம் பின்னாடிதான் அதுல கெட்டியா ஒட்டிக்கிச்சு. பிரசவம் பாக்கறவங்கள மிட்வைஃப்னு சொல்றோமே, பிள்ளை பெறுற பொம்பளை கூட இருக்கறவங்கன்னுதான் அதுக்கு மூலம். "குட்" சேத்து குட்வைஃப்னு ஆனப்போ ஒரு வீட்டுக்கு எஜமானி, வீட்டம்மான்னு அர்த்தம் வந்துச்சு, அதுவே வாய்ல தேஞ்சு 16ஆம் நூற்றாண்டுல "குடி" ஆயிடுச்சு. ஆம்பளைக்கு ஜோடிச் சொல் "குட்மேன்". இதே மாதிரி தேஞ்ச இன்னொரு சொல்லும் இருக்கு, ஹவுஸ்வைஃப்ங்கிறதோட பழைய வடிவம் தேஞ்சுதான் "ஹஸ்ஸி" வந்துச்சு, இப்ப அது ஒழுக்கம் கெட்ட பொம்பளைன்னு திட்டுற வார்த்தை. வீட்டம்மாங்கிற சொல்லே வசையா மாறுற அளவுக்கு அந்த சமூகம் பொம்பளைய பாத்துருக்கு, எனக்கு இத படிச்சப்போ ரொம்ப நேரம் மனசு ஆறல.

சரி, எல்லா பொம்பளையும் குடியா? அதுதான் இல்ல. பியூரிட்டன்னு சொல்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க ஊர் அது, அங்க பட்டம்ங்கிறது அந்தஸ்து. வசதியான, பெரிய எடத்து பொம்பளைன்னா "மிஸ்ட்ரஸ்", ஆம்பளைன்னா "மிஸ்டர்". விவசாயி, தச்சர், சாதாரண குடும்பம்னா குட்வைஃப், குட்மேன். இத கோர்ட்டே கண்காணிச்சுச்சு. 1631ல ஜோசையாஸ் பிளாஸ்டோங்கிறவர் பூர்வகுடி மக்கள்கிட்டேருந்து சோளம் திருடினாருன்னு அபராதம் போட்டாங்க, கூடவே இனிமே இவர மிஸ்டர்னு கூப்பிடக்கூடாது வெறும் ஜோசையாஸ்னுதான் கூப்பிடணும்னும் தீர்ப்பு. 1651ல வந்த சட்டத்துல 200 பவுண்டுக்கு கீழ சொத்து இருக்கறவங்க தங்க, வெள்ளி லேஸ் போடக்கூடாதுன்னாங்க. பேரு, துணி எல்லாமே அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருக்கணும்ங்கிறதுக்குத்தான்.

குடிக்கு பின்னாடி வர்றது புருஷனோட குடும்பப் பேரு. கல்யாணம் ஆன பொண்ணு அப்போ இருந்த இங்கிலீஷ் சட்டப்படி புருஷனுக்குள்ள அடக்கம், தன் பேர்ல ஒப்பந்தம் போட முடியாது, சம்பாதிச்சாலும் காசு அவனுக்கு. அப்ப குடிங்கிறது மரியாதையும்தான் வேலியும்தான். வேலிய தாண்டினா என்ன ஆகும்னு ஆன் ஹட்சின்சன் கதைல தெரியும். பெரிய எடம், அதனால மிஸ்ட்ரஸ் ஹட்சின்சன், ஊர் பொம்பளைங்களுக்கு பிரசவத்துல உதவி பண்ணவங்க, பாஸ்டன்ல வீட்ல கூட்டம் கூட்டி பிரசங்கத்த அலசி பேசினாங்க, ஆம்பளைங்களும் வந்து கேட்டாங்க. 1638ல சர்ச் விசாரணைல ஹியூ பீட்டர்ங்கிற பாதிரியார் சொன்னது, நீ உன் எடத்த விட்டு வெளிய வந்துட்ட, மனைவியா இல்லாம புருஷனா இருந்துருக்க, கேக்கறவளா இல்லாம பிரசங்கியா இருந்துருக்க, ஆளப்படறவளா இல்லாம மாஜிஸ்ட்ரேட்டா இருந்துருக்கன்னு. மத விஷயத்துல என்ன தப்பு சொன்னாங்கங்கிறத விட இதுதான் அந்த பாதிரியாருங்க நெஞ்ச அறுத்துருக்கு. ஹட்சின்சன மாசசூசெட்ஸ் குடியேற்றத்த விட்டே துரத்திட்டாங்க.

சேலம்ல சூனியக்காரின்னு புடிச்ச சேரா குட் கதை இன்னும் கொடுமை, இங்க குட்ங்கிறது புருஷனோட குடும்பப் பேரு. அப்பா சத்திரம் நடத்தினவர், அவர் செத்தப்பறம் இவளுக்கு வரவேண்டிய பங்கு ஒழுங்கா கைக்கு வரல, கடன்ல போயி கடைசில கைப்பிள்ளையோட வீடு வீடா கேட்டு சாப்பிடற நெலமை. இல்லன்னு சொன்னா ஏதோ முணுமுணுத்துக்கிட்டே போவாளாம். விசாரணைல அத புடிச்சிக்கிட்டாங்க, வாசல்ல நின்னு என்ன முணுமுணுத்தன்னு. அவ மொதல்ல பைபிள்ல வர்ற பத்து கட்டளைன்னு சொன்னா, அப்பறம் பைபிள் சங்கீதப் பாட்டுன்னு சொன்னா, சொல்லச் சொன்னப்போ தடுமாறினா. கட்டின புருஷனே வந்து, இவ சூனியக்காரியா இருப்பா இல்லன்னா சீக்கிரம் ஆயிடுவான்னு பயமா இருக்குன்னான், என்ன ஆதாரம்னா என்கிட்ட மரியாதையா நடந்துக்கறதில்லங்கிறான். அது போதும்னு ஆயிடுச்சு. கைக்குழந்தை ஜெயில்லயே செத்துச்சு, நாலஞ்சு வயசு மகளயும் ஜெயில்ல போட்டாங்க, 1692 ஜூலை 19 இவள தூக்குல போட்டாங்க.

அதே நாள் தூக்குல போன ரெபேக்கா நர்ஸ் 71 வயசு, சர்ச்சுக்கு ஒழுங்கா போற குடி, 39 பேர் நல்லவங்கன்னு கையெழுத்து போட்டு குடுத்தாங்க. ஜூரி மொதல்ல விடுதலைன்னே சொல்லிட்டு, அப்பறம் அந்தம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேட்டாங்க, காது மந்தம், கேக்கல, பதில் வரல, தீர்ப்ப மாத்திட்டாங்க. வேலிக்குள்ள இருந்தவங்களயும் அந்த சொல் காப்பாத்தல. மொத்தம் 19 பேர தூக்குல போட்டாங்க, அதுல 14 பேர் பொம்பளைங்க.

இப்ப தமிழ்ல என்ன போடறது? "இல்லாள்" அர்த்தத்துல பொருந்தும், இல்லத்துக்கு உரியவள். ஆனா அதுக்கு ஆண்பால்னு "இல்லான்" போட்டா ஒன்னுமில்லாதவன்னு ஆயிடும், குட்மேனுக்கு ஜோடி கெடைக்காது. அது கூப்பிடற சொல்லும் இல்ல. "இல்லத்தரசி" நம்ம காலத்து வார்த்தை, அரசிங்கிறது அந்த வாழ்க்கைக்கு பொய். விளக்கம் எழுதறப்போ "மனையாட்டி" போடலாம், பேச்சுல வர்றப்போ "வீட்டம்மா"தான் என் தேர்வு, நர்ஸ் வீட்டம்மா, ஆஸ்போர்ன் வீட்டம்மா. சொந்தப் பேர் மறைஞ்சு வீட்டுப் பேர் நிக்கறது இதுல அப்படியே வருது. குட்மேனுக்கு "வீட்டுக்காரர்". மிஸ்ட்ரஸ்னா "அம்மையார்".

மொதல்ல புடிச்ச மூணு பேர்ல சேரா குட், சேரா ஆஸ்போர்ன் கூட டிட்டூபான்னு ஒருத்தி, பாதிரியார் வீட்டு அடிமை. ரெக்கார்டுல அவளுக்கு குடி கெடையாது, மிஸ்ட்ரஸ் கெடையாது, வெறும் டிட்டூபா, இந்தியப் பொம்பளை (நம்ம இந்தியா இல்ல, அமெரிக்கப் பூர்வகுடின்னு அர்த்தம்), வேலைக்காரின்னுதான் எழுதிருக்கு. மொழிபெயர்க்கறவங்க பாவம்னு நெனச்சு அங்க "அம்மா" சேத்துடாதீங்க, அவளுக்கு பண்ணது மறைஞ்சிடும்.