மரக்கிளையில் தொங்கிய இருட்டறை

தோலை உரித்து, ஆர்செனிக் தடவி, காயவைத்துப் பெட்டியில் அடுக்கினால் ஒரு விலங்கு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணின் நிறம் மட்டும் போய்ச் சேராது. குரங்கின் முகத்தோல், பறவையின் கால் போன்ற வெற்றுத்தோல் பகுதிகளின் நிறமும் காயக் காய மாறிவிடும். எங்கோ நியூயார்க்கில் அந்தத் தோலுக்கு உருவம் கொடுப்பவர் அதை உயிரோடு பார்த்திருக்கவே மாட்டார். அது எப்படி நின்றது, எந்தப் பாறையில் மேய்ந்தது என்று அவருக்குச் சொல்லப் புகைப்படம் வேண்டும்.

1916இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சீனாவின் யுன்னானுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அதில் புகைப்படப் பொறுப்பு இவெட் போரப் ஆண்ட்ரூஸுடையது. தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் அவருடைய கணவர். பின்னாளில் கோபி பாலைவனத்து டைனோசர் முட்டைகளால் உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழின் நிழலில் இவெட்டின் பெயர் மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

படம் எடுப்பதைவிட அதைக் கழுவுவதுதான் பெரும்பாடு. அன்று படம் பதிந்தது பிளேட் எனப்படும் கண்ணாடித் தகட்டில். அதன் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் ஒளியுணரும் சில்வர் புரோமைடு துகள்கள். ஒளி பட்ட துகளில் ஒருசில வெள்ளி அணுக்கள் உருவாகும், அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் என்ற, படத்தை வெளிக்கொணரும் கரைசலில் போட்டால் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுத் துகளும் வெள்ளியாகிக் கருக்கும். ஒளி படாத துகள்களை ஹைப்போ என்ற உப்பின் கரைசல் கரைத்துவிடும். அப்புறம் ஹைப்போவே மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். தங்கிவிட்டால் படம் நாளடைவில் மஞ்சளாகும்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்து ஊர் திரும்பிய பிறகு கழுவினால் என்ன? வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தச் சில அணுக்கள் சிதைந்துபோகலாம். அதைவிட முக்கியம், படம் கெட்டிருந்தால் திரும்ப எடுக்க அந்த மலை எதிரிலேயே இருக்க வேண்டும். அதனால் முகாமிலேயே கழுவினார்கள். அதற்கு மடித்து எடுத்துச் செல்லும் ஒரு ரப்பர் இருட்டறை இருந்தது: சுமார் 7 அடி உயரம், 4 அடி விட்டம். மரக்கிளையிலோ கோயில் உத்தரத்திலோ கட்டித் தொங்கவிட்டால் வேலையைத் தொடங்கலாம். காற்றோட்டமில்லாத ரப்பருக்குள் வெயில் நேரத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்! நிற்பவர் பாடு ஒருபுறம். தண்ணீர் சூடானால் ஜெலட்டின் ஊதி இளகி, படத்தோடு கண்ணாடியை விட்டு நழுவும். படிகாரக் கரைசல் அதை ஓரளவு இறுக்கிப் பிடிக்கும்.

சரி, நிறத்துக்கு என்ன செய்தார்கள்? பேஜட் பிளேட் என்ற முறை அப்போது புதிது. சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் நுணுக்கமாக நிறைந்த ஒரு கண்ணாடித் திரை வழியே ஒளி புகுந்து, பின்னாலிருக்கும் கருப்பு வெள்ளை பிளேட்டில் விழும். சிவப்புக் கட்டத்துக்குப் பின்னால் சிவப்பொளியின் அளவு மட்டும் பதியும், மற்றவையும் அப்படியே. திரை ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிடுவதால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், ஓடும் விலங்குக்கு ஆகாது. எல்லா நிறமும் பதியும் பிளேட் என்பதால் கழுவும்போது வழக்கமான சிவப்பு விளக்கும் உதவாது.

அந்தப் பயணத்திலிருந்து சுமார் 2,100 பாலூட்டிகளும் 800 பறவைகளும் வந்தன. கூடவே 500 நெகட்டிவ்களும் 150 பேஜட் வண்ணப் படங்களும். பேஜட் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் எடுத்து, அதன்மேல் அதே மாதிரி கட்டங்கள் கொண்ட திரையை ஒட்டிப் பார்ப்பார்கள். கட்டம் ஒரு மயிரிழை விலகினாலும் பச்சை மலை வேறு நிறத்தில் தெரியும். திரையை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் கருப்பு வெள்ளைப் படம்.