தரங்கம்பாடிச் செடியைப் பறித்தவர் யார்?

லண்டன் கியூ தோட்டத்திலும் பெர்லினிலும் கோபன்ஹேகனிலும் நம் காவிரிக் கழிமுகத்துச் செடிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாளில் ஒட்டிக்கிடக்கின்றன. காய்ந்த ஒரு கிளை, நாலைந்து இலை, மூலையில் ஒரு சீட்டு. பல சீட்டுகளில் 'கீழை இந்தியா' என்பதைத் தவிர ஊர், தேதி, பறித்தவர் பெயர் எதுவும் கிடையாது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? டெல்டா வாய்க்கால் கரைகளை இன்று நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. அது அமெரிக்கச் செடி. அது வருவதற்கு முன் அந்தக் கரையில் என்ன முளைத்தது என்பதற்கு நேரடிச் சாட்சி இந்தத் தாள்கள்தான். ஆனால் ஊரும் காலமும் தெரியாத சாட்சியை வைத்து என்ன செய்வது? பறித்தவர் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்பதை வைத்துத் தாளின் காலத்தையும் இடத்தையும் நெருங்கிவிடலாம்.

தரங்கம்பாடியில் செடி சேகரிக்கும் வேலை 1768இல் தொடங்கியது. செடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான யோஹான் கோனிக் அந்த ஆண்டு, ஜெர்மன் பாதிரியார்கள் பணியாற்றிய டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்து சேர்ந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' இவர்தான். 1785இல் இறந்தார். 1776இல் வந்த பாதிரியார் ராட்லர், அப்புறம் வந்த கிளைன், ஹைன் ஆகியோரும் செடி சேகரித்தார்கள். தங்களை 'ஐக்கிய சகோதரர்கள்' என்று அழைத்துக்கொண்ட இந்தக் குழு, செடிகளைப் பகிர்ந்து, கூடிப் பேசிப் பெயர் வைத்தது. பெயருக்குப் பின்னால் லத்தீனில் 'நோபிஸ்' என்று எழுதினார்கள். 'நாங்கள் வைத்த பெயர்' என்று பொருள். இன்று ஆய்வாளர்களைத் திணறவைப்பது அந்த 'நாங்கள்'தான். குழுவில் யார் பறித்தது?

முதல் தடயம் கையெழுத்து. செடியின் லத்தீன் பெயரை எல்லோருமே வழக்கமான ரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். குறிப்பு ஜெர்மனுக்கு மாறும்போது எழுத்து பழைய ஜெர்மன் கூட்டெழுத்தாகிவிடும். அதில் e, n என்ற எழுத்துகள் ஒன்றுபோல இருக்கும். u என்ற எழுத்தைப் பிரித்துக் காட்ட மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள். அந்த வளைவை ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாகப் போடும். ஆள் உறுதியாகத் தெரிந்த கடிதங்களை எடுத்து, சீட்டின் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார்கள். ஊர்ப்பெயரும் காட்டிக்கொடுக்கும். திருச்சிராப்பள்ளியின் 'ச்சி'க்கு ஜெர்மானியர் நான்கு மெய்யெழுத்துகளை அடுக்குவார். ஆங்கிலேயருக்கு இரண்டு போதும்.

அடுத்தது காகிதம். 1794க்குப் பிறகு இங்கிலாந்தில் செய்த காகிதத்தில் நீர்க்குறியோடு ஆண்டையும் பதிப்பது வழக்கமாயிற்று. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பதிந்திருக்கும் ஆண்டுக்கு முன் அதில் யாரும் எழுதியிருக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: செடியை ஐரோப்பாவில் புதுத் தாளுக்கு மாற்றி ஒட்டியிருப்பார்கள். எனவே பார்க்க வேண்டியது தாளை அல்ல, சீட்டை.

எண்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. ராபர்ட் வைட் 1828இல் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக வந்து சுற்றுவட்டாரத்தில் சேகரித்தார். அவருடைய செடிகளைப் பல ஆண்டுகள் கழித்து கியூவில் பிரித்து அனுப்பியபோது அச்சிட்ட சீட்டும் புது எண்ணும் ஒட்டினார்கள். அது அவர் பறித்த வரிசை எண் அல்ல, அனுப்பியவர்களின் எண். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய வாலிக்கின் பட்டியல் எண்ணும் இப்படித்தான். இதை அறியாமல் எண்ணை வைத்துப் பயணத்தேதி கணக்கிட்டால் எல்லாம் தப்பாகிவிடும்.

கடைசியில் பயணக்குறிப்பு. ராட்லர் 1799–1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பியபோது வழியில் கண்ட செடிகளை எழுதிவைத்தார். 1803இல் பெர்லினில் அச்சானது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தை (உலர்செடிக் காப்பகத்தை) நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ 1993இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். ஒரு தாளின் செடியும் ஊரும் அந்தக் குறிப்போடு பொருந்தினால் பறித்தவர், தேதி இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். என்னைக் கேட்டால், இருக்கும் தடயங்களில் இதுதான் மிக வலுவானது.

இங்கிலாந்திலும் இதே பாடுதான். அங்கே பிளாக்பெர்ரி முட்புதர்கள் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கருவுறாமலே விதை தருவதால் முந்நூறுக்கும் மேற்பட்ட நுண்ணினங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றைச் சேகரித்தவர்களிலும் பாதிரியார்கள் பலர். நகல்களைச் சங்கங்கள் வழியாக மாற்றிக்கொண்டார்கள். எந்தத் தாள் யார் பறித்தது என்று தெரியாவிட்டால், அவர் எந்தப் புதரை மனதில் வைத்து அந்தப் பெயரைச் சொன்னார் என்பதே தெரியாமல் போய்விடும்.

இத்தனையும் செய்து கண்டுபிடிக்கும் பெயர் சீட்டு எழுதியவருடையது. செடியைப் பறித்த கை வேறாக இருக்கலாம். வைட் தமிழ்நாட்டு ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்திச் சேகரிக்க அனுப்பினார். அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்கள் அச்சில் நிற்கின்றன. வெயிலில் அலைந்து செடி கொண்டுவந்தவர்களின் பெயரைச் சீட்டில் யாரும் எழுதவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. அவர்களைத் தேட வேண்டிய இடம் மிஷன் கடிதங்களும் கம்பெனியின் சம்பளக் கணக்குகளும்தான்.

தாள்களின் படங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பயோனோமியா தளத்தில் ஒரு தாளை அதைச் சேகரித்தவரோடு யார் வேண்டுமானாலும் இணைக்கலாம். ஐரோப்பியர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைப் பொறையாற்றுக்காரர் ஒருவர் சட்டென்று அடையாளம் சொல்லிவிடுவார். பெர்லினில் இருப்பவருக்கு அது எளிதல்ல.