கர்வ்பால் எவனும் போடலாம், சொன்ன இடத்தில் போடுவதுதான் பாடு

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் பையன். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவன். பேஸ்பால் அணிக்கு ஆள் போதாமல் பி.டி. சார் அவன் கையில் பந்தைக் கொடுத்தார். இப்போது அவன்தான் பிட்சர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவன். இதில் அதிசயமில்லை. 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே ஈட்டி எறிந்தவர்கள்தான்.

பக்கத்தில் நின்று விரல்களைக் கவனித்தால் பாதி அறிவியல் அங்கேயே தெரியும். ஃபாஸ்ட்பால், அதாவது வேகப்பந்து என்றால் சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே இருக்கும். பந்து கையைவிட்டுப் போகும்போது விரல்நுனி அதன் பின்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிடும். பந்து பின்புறமாகச் சுழன்றபடி போகும். வளைந்து இறங்கும் கர்வ்பாலுக்கு நடுவிரல் தையலை அழுத்திப் பிடிக்க, மணிக்கட்டு திரும்பி விரல்கள் பந்தின் மேல் முன்னோக்கி உருளும். சுழற்சி அப்படியே தலைகீழ்.

சுழலும் பந்து தன்னோடு ஒட்டிய காற்றை இழுத்துத் திருப்புகிறது. 108 இரட்டைத் தையல்கள் அதற்கு நல்ல பிடிமானம். பின்சுழற்சியில் காற்று கீழே தள்ளப்படும், பதிலுக்குப் பந்து மேலே தள்ளப்படும். முப்பந்தலில் காற்றாலை இறக்கை சுற்றுவதும் இப்படிக் காற்றைத் திருப்பிவிட்டுத்தான். சுழலும் பந்து இப்படித் தள்ளப்படுவதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். 1852இல் ஆராய்ந்த ஜெர்மானியர் பெயரால் வழங்கினாலும், டென்னிஸ் பந்து வளைவதை அதற்கு 180 ஆண்டு முன்னரே நியூட்டன் எழுதிவைத்துவிட்டார்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு மட்டுமே அதை 1.2 மீட்டர் இறக்கிவிடும். ஃபாஸ்ட்பாலின் சுழற்சி இந்த இறக்கத்தைக் குறைக்கிறது. கர்வ்பாலின் சுழற்சி கூட்டுகிறது. ஃபாஸ்ட்பால் மேலே ஏறுகிறது என்று ஆடுபவர்கள் சத்தியம் செய்வார்கள். ஏறுவதில்லை, எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றுக்கு எதிரே கர்வ்பால் எறிந்தால் வளைவு இன்னும் கூடும்; காற்றோடு எறிந்தால் குறையும்.

ஆனால் வளைப்பதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இந்தப் பையனிடம் என்னைக் கவர்ந்தது வேறு. கம்பிவலையில் அவன் கட்டித் தொங்கவிட்ட துண்டின் கீழ் மூலையில்தான் ஃபாஸ்ட்பால் திரும்பத் திரும்ப விழுகிறது. கையைவிட்ட பந்து 17 மீட்டர் போக வேண்டும். புறப்படும் கோணம் ஒரு டிகிரி பிசகினால் போய்ச் சேரும் இடம் 30 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பேட்ஸ்மேன் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் இலக்குத் தகடான ஹோம் பிளேட்டின் அகலமே 43 சென்டிமீட்டர்தான். நடுவைக் குறிவைத்தவனுக்கும் ஒரு டிகிரி அதிகம். விரல் கொஞ்சம் முந்தி விட்டால் பந்து தலைக்கு மேல், பிந்தினால் தரையில். கணக்கெல்லாம் மில்லி நொடிகளில்.

கர்வ்பாலின் பலமும் இதில்தான் இருக்கிறது. இரண்டு பந்தும் ஒரே கைவீச்சில், ஒரே உயரத்திலிருந்து புறப்பட்டு, பாதி தூரம் ஒரே வழியில் வரவேண்டும். பேட்டை வீசுவதா வேண்டாமா என்று எதிராளி அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அவனுடைய கர்வ்பாலில் ஒரு குறை: முழங்கை சற்றே தாழ்கிறது. “மக்கா, கை காட்டிக் கொடுக்குதுடே” என்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் பையன் கத்துகிறான். உள்ளூர் ஆட்டத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாநில அளவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முழங்கைக்கு வேறு கவலையும் உண்டு: அளவுக்கு மீறி எறிந்தால் காயம். அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல் 17, 18 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளில் 105 எறிகளுக்கு மேல் கூடாது என்கிறது. இவனுக்கு ஈட்டிப் பயிற்சியும் இருப்பதால் அதையும் சேர்த்து நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் பி.டி. சார்.