கேனின் அடியில் ஒரு தேதி: சின்ன பீர் ஆலைகள் சமூக ஊடகத்தில் என்ன செய்கின்றன?

ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு முறை காய்ச்சினால், ஈஸ்ட் வண்டலிலும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சக்கையிலும் போனது போக, சின்ன பீர் ஆலையின் கையில் நிற்பது சுமார் 900 லிட்டர். முப்பது லிட்டர் பீப்பாய்க் கணக்கில் 30 பீப்பாய். சிங்கப்பூர் முழுக்க விளம்பரம் செய்ய இது காணாது. பீர் கெடுவதற்குள் வாங்கிவிடக்கூடிய சில நூறு பேர் இருந்தால் போதும். அந்தச் சில நூறு பேரைக் கண்டுபிடித்துத் தக்கவைக்கத்தான் ஆலைக்கு இன்ஸ்டகிராமும் டெலிகிராமும் வேண்டியிருக்கின்றன.

எதற்கு இத்தனை அவசரம்? ஹாப்ஸ் அதிகம் போட்ட ஐபிஏ என்ற பீர் வகைக்கு மாம்பழ, ஆரஞ்சு மணம் தரும் எண்ணெய்கள் ஆக்சிஜன் பட்டால் மங்கிவிடும். கேனில் அடைக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனை நூறு கோடியில் 50 பங்குக்குக் கீழே வைக்க நல்ல ஆலைகள் பாடுபடுகின்றன. அப்படியும் குளிர்பெட்டியில் ஓரிரு மாதம்தான் அந்த மணம் நிற்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 4 டிகிரியில் இருக்க வேண்டிய கேன் நம்மூர் 30 டிகிரியில் ஒரு வாரம் கிடந்தால், ஆறு வாரத்துக்கான முதுமை அதற்குள் வந்துவிடும். பணமும் முடங்கிக் கிடக்கும்: பீரில் இருக்கும் ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி கலால் தீர்வை. 5 விழுக்காட்டு பீர் 30 லிட்டர் என்றால் ஆல்கஹால் ஒன்றரை லிட்டர், தீர்வை மட்டும் 90 வெள்ளி.

அதனால் 'எப்போது அடைத்தது' என்பதுதான் பதிவில் முதலில் வர வேண்டிய செய்தி. பளபளக்கும் கண்ணாடிக் குவளைப் படத்தைவிட, கேனின் அடியில் அச்சிட்ட தேதி தெரியும் மங்கலான படம் மேல்.

எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஸ்டகிராம் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. ஒருவர் எதை நின்று பார்க்கிறார், எதைச் சேமிக்கிறார், யாருக்கு அனுப்புகிறார் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. 'இன்று மாலை 6 மணிக்குப் புதுப் பீப்பாய் திறக்கிறோம்' என்று பதிவு போட்டால், சிலர் கண்ணில் அது வெள்ளிக்கிழமைக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை படும். நாள் கடந்தால் செல்லாத செய்தி 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிக்கும் டெலிகிராம் சேனலுக்கும் உரியது. காய்ச்சும் முறை, ஹாப்ஸ் வகை போன்ற நாள்படாத விஷயங்கள் பதிவுக்கு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பரப்புப் பட்டியல் (broadcast list) ஒன்றில் 256 பேர்தான் அடங்குவர். ஆலையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். வாடிக்கையாளரின் எண்ணை வாங்கும்போதே 'எங்கள் எண்ணையும் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லாத கடை காற்றில் பேசிக்கொண்டிருக்கும். விளம்பரச் செய்தி அனுப்பத் தெளிவான சம்மதம் வாங்குவதும் கட்டாயம்.

சட்டமும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இரவு 10.30 முதல் காலை 7 வரை எடுத்துச்செல்ல மது விற்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் விதி இன்னும் இறுக்கம். இரவு 10 மணிக்கு 'கேன் வாங்க வாங்க' என்று ஸ்டோரி போடுவதில் பயனில்லை. கணக்கைப் பார்ப்போரின் குறைந்தபட்ச வயதை 18 என்று அமைத்துவிடுவதும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

இனி கருத்துப் பகுதி. உறவு வளர்வதும் முறிவதும் இங்கேதான். ஆலை வாசலைத் தாண்டிய பிறகு பீருக்கு என்ன ஆகிறது என்று சொல்ல ஆலையில் எந்தக் கருவியும் இல்லை, குடிப்பவரின் நாக்குதான் இருக்கிறது. 'என்னண்ணே, போன தடவை மாதிரி இல்லையே, அட்டை வாசம் வருதே?' என்று ஒருவர் எழுதினால் அதை வசையாக எடுக்கக் கூடாது. அது பரிசோதனை முடிவு. ஈர அட்டை வாசம் என்றால் ஆக்சிஜனோ வெப்பமோ உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறது. வெண்ணெய் வாசம் என்றால், பீர் நொதிக்கும்போது உண்டாகும் டையசெட்டில் என்ற பொருள்: ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சி முடிக்குமுன் அவசரமாகக் குளிரவைத்திருக்கலாம், அல்லது மதுக்கூடத்தில் பீர் ஊற்றும் குழாயில் கிருமி. காடி போலப் புளித்தால் பெரும்பாலும் குழாய்த் தலையைக் கழுவவில்லை. பச்சைப் புட்டியில் அடைத்த பீர் வெயில் பட்டு நாறினால் ஒளியின் வேலை. கேனில் அது நடக்காது.

குறை எங்கே என்பதை இடம் காட்டிக்கொடுக்கும். ஒரே மதுக்கூடத்திலிருந்து மட்டும் புகார் என்றால் அங்குள்ள குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரக் கரைசலால் கழுவுவது வழக்கம். பல இடங்களிலிருந்து ஒரே தொகுதி எண்ணோடு, அதாவது ஒரே முறை காய்ச்சிய பீர் பற்றி, புகார் வந்தால் தவறு ஆலையில்தான். குடிப்பவர்கள் பீருக்கு மதிப்பெண் போடும் அன்டாப்டு (Untappd) செயலியின் சராசரி மதிப்பெண்ணை நம்பிப் பயனில்லை. கனமான, கறுத்த ஸ்டவுட் பீருக்குத் தாராளமாக வாரி வழங்குபவர்கள் லேசான நல்ல லாகர் பீருக்குக் கஞ்சத்தனம் காட்டுவார்கள். எழுதிய வரிகளைப் படிப்பதே உருப்படி.

பதிலில் மூன்று கேள்வி போதும்: எங்கே வாங்கினீர்கள், அடியில் என்ன தேதி, வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள்? 'வருந்துகிறோம், தனிச்செய்தி அனுப்புங்கள்' என்ற வெட்டி ஒட்டிய வரி எரிச்சலைத்தான் கிளப்பும். மாற்றுக் கேன் தருவதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் தொகுதியைத் திரும்பப் பெற முடிவெடுத்தால் அதைத் தொகுதி எண்ணோடு அதே கருத்தின் கீழும், அன்றைய ஸ்டோரியிலும் எழுத வேண்டும். இல்லையென்றால் அதே கேனைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது.