'செய்வது எப்படி' கட்டுரை விக்கிப்பீடியாவில் நிற்குமா?

விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வருபவர்கள் பலரும் தங்களுக்குக் கைவந்த ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். மாடித்தோட்டம் போடுவது, பட்டா மாற்றுவது, இட்லிக்கு மாவு அரைப்பது, இப்படி. உழைத்து எழுதிய பக்கத்தின் தலையில் கொஞ்ச நாளில் நீக்கல் வார்ப்புரு, அதாவது 'இந்தப் பக்கத்தை நீக்கலாமா' என்று கேட்கும் அறிவிப்புப் பெட்டி, வந்து உட்காரும். சொல்லப்படும் காரணம் ஒரே வரி: விக்கிப்பீடியா செய்முறைக் கையேடு அல்ல.

இந்த விதி எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் குழப்பம். ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கைப் பக்கம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு வேலையை மனிதர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று விவரிக்கலாம். வாசகரைப் பார்த்து 'இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. சமையல் குறிப்பு, பயிற்சிக் கையேடு, பயண வழிகாட்டி, வீடியோ கேமில் ஜெயிக்கும் வழி எல்லாம் இந்தத் தடைக்குள் வரும்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். 'நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து, அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க விடவும்' என்றால் அது சமையல் குறிப்பு. அந்த மாவு ஏன் பொங்குகிறது? லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள் மாவில் பெருகிக் கரியமில வாயுவை வெளிவிடுவதால். ஏறத்தாழ கி.பி. 920-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'வட்டாராதனை' என்ற கன்னட நூலில் இட்லியின் முன்னோடிப் பெயர் வருகிறது. ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயா ஊகித்தார், அதை ஏற்காதவர்களும் உண்டு. கலைக்களஞ்சியம் கேட்பது இதைத்தான். அரிசி உளுந்து விகிதமும் தாராளமாக வரலாம், ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று மேற்கோளோடு சொன்னால்.

சிலர் 'ஊறவைக்கவும்' என்பதை 'ஊறவைக்கப்படுகிறது' என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வினைமுற்றை மாற்றியதால் மட்டும் குறிப்பு கட்டுரையாகிவிடாது. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ஒன்றுதான். 'செய்யவும், போடவும், கிளிக் செய்யவும்' வரிகளை எல்லாம் அடித்துவிட்டால் பக்கத்தில் என்ன மிஞ்சுகிறது? மிஞ்சியதைப் பற்றி வெளியில் யாராவது நம்பத்தக்க விதத்தில் எழுதியிருக்கிறார்களா? மிஞ்சினால் திருத்தி வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு இடம் வேறு.

ஆனால் சில விஷயங்களில் செய்முறையே செய்தி. 1971-இல் வங்கதேசப் போரில் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் சலைன் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த தண்ணீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். அந்த முகாமில் சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் அந்தக் கரைசலின் செறிவைக் குறைத்தது. எதில் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதவே முடியாது. அளவு வந்துவிட்டதே என்று அதற்கு நீக்கல் வார்ப்புரு போடுபவர் விதியைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதே பக்கத்தில் 'உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இத்தனை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள்' என்று எழுதினால் அது மருத்துவ ஆலோசனை. எடுத்துவிட வேண்டியதுதான்.

அரசு நடைமுறைகளுக்கும் இதே அளவுகோல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள் என்பதெல்லாம் சட்டத்தைப் பற்றிய செய்தி. மனுவை எப்படித் தொடங்குவது, எந்தக் கவுன்ட்டரில் நீட்டுவது என்பது கையேடு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டணமும் இணைய முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். எழுதியவர் போனபிறகு அந்தப் பக்கத்தை யார் திருத்துவது?

சரி, வார்ப்புரு விழுந்துவிட்டது, என்ன செய்யலாம்? பக்கத்தை நீக்கலாமா வேண்டாமா என்ற உரையாடல் நடக்கும்போது வார்ப்புருவை நீங்களாக அழிக்காதீர்கள். உரையாடலில் பதில் எழுதுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த உரையாடல் பொதுவாக 7 நாள் ஓடும். தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை, வாதங்களைத்தான் பார்ப்பார்கள். அதனால் நண்பர்களைக் கூட்டிவந்து 'வைத்திருக்கலாம்' என்று வரிசையாக எழுதச் சொல்வதில் பயனில்லை. இரண்டு நல்ல மேற்கோளைச் சேர்த்தால் பயன் உண்டு. முடிவு நீக்கலாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பொருத்தமான பெரிய கட்டுரையோடு இணைக்கலாம், அந்தத் தலைப்பைத் தேடுபவரை வேறு கட்டுரைக்கு அனுப்பும் வழிமாற்று வைக்கலாம், உங்கள் கணக்குக்கு உரிய பயனர் வெளிக்கு நகர்த்தித் தரச் சொல்லலாம்.

செய்முறைக் கையேடுகளுக்கு இடம் தரும், விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டம் விக்கிநூல்கள். தமிழிலும் இருக்கிறது. பயணக் குறிப்பென்றால் விக்கிப்பயணம். அங்கே கொண்டுபோகும்போது உரிமத்தைக் கவனியுங்கள். பலர் சேர்ந்து எழுதிய பக்கத்தை வெறுமனே வெட்டி ஒட்டினால் எழுதியவர்களின் பெயர் போய்விடும். யார் எதை எழுதினார் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றோடு இறக்குமதி செய்யும்படி நிர்வாகியிடம் கேட்க வேண்டும். செய்முறைக் குறிப்புகளுக்கான தனித் தளமான விக்கிஹவ்வின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது என்பதால், விக்கிப்பீடியாவில் மற்றவர்கள் எழுதியதை அங்கே போட முடியாது. முழுக்க நீங்களே எழுதிய வரிகளென்றால் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.