மஞ்சள் பூசுங்கள், தேசிக்காயை விட்டுவிடுங்கள்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வைத்திருந்த ஒரு பிள்ளையை அவளுடைய அம்மா எங்கள் சலூனுக்குக் கூட்டி வந்தார். அட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஒரு தோட்டம். தலையில் போட்டிருந்த சால்வையை எடுக்க அந்தப் பிள்ளைக்கு மனமே வரவில்லை. எடுத்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மண்ணிறத் திட்டு. அதிலிருந்து தாடை வரைக்கும் நாலைந்து கோடுகள், தண்ணீர் வழிந்த தடம் மாதிரி. வலது பக்கத்தில் ஒரு கோடு கழுத்துக்கே இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்து கிடந்தது.

"என்ன மகள் பூசினீங்க?"

"மஞ்சளும் தேசிக்காயும்தான் மிஸ். எல்லாரும் போடுறதுதானே."

பூசிக்கொண்டு பீலியில் உடுப்புத் துவைக்கப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம் இருக்கும். வெயில் அடித்ததா என்று கேட்டேன். "இல்ல மிஸ், மூட்டமாத்தான் இருந்துச்சு." இரண்டாம் நாள் முகம் சிவந்து எரிந்திருக்கிறது, பிறகு கொப்புளம், அப்புறம் இந்தக் கறுப்பு. சாறு எங்கெல்லாம் வழிந்ததோ அங்கெல்லாம் கோடு.

அந்தப் பிள்ளையின் அம்மா மஞ்சளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மஞ்சள் பூசி முகம் கெட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு, கெடுத்தது மஞ்சள் இல்லை. மஞ்சளோடு சேர்த்த ஏதோ ஒன்று.

தேசிக்காயில் சோராலன் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் பட்டு, அதன் மேல் சூரியனின் புற ஊதாக் கதிரும் விழுந்தால், அந்த இடம் வெந்து போகும். உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும். அதனால்தான் யாரும் தேசிக்காயைச் சந்தேகப்படுவதில்லை. கறுப்பு மறைய வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். இது போக, தேசிக்காய்ச் சாறு நம் தோல் தாங்குவதை விடப் பல மடங்கு புளிப்பு. வெயிலே படாவிட்டாலும் மெல்லிய தோல் எரியும்.

மூட்டம்தானே என்று நாம் நினைப்பதும் பிழை. மெல்லிய முகிலைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் பெரும்பகுதி இறங்கிவிடும். குளிராக இருப்பதால் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. அதோடு, ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அட்டன் 1270 மீட்டர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டர். கொழும்பில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையை விட நம் முகத்தில் கூடுதலாக விழுகிறது என்பதுதான் கணக்கு.

அந்தப் பிள்ளையை முதலில் டொக்டரிடம் அனுப்பினேன். ஞாயிறு காலையில் கொப்புளம் உடைந்த இடத்தைத் தொடாமல், மற்ற இடங்களை மட்டும் மறைத்து அலங்காரம் செய்தேன். கோடுகள் மங்க நாலு மாதம் ஆனது.

சரி, மஞ்சளுக்கு வருவோம். அதற்கு அந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். கிழங்கில் அது சில சதவீதம்தான் இருக்கும். வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. சின்னச் சின்னப் பருவுக்கும் எண்ணெய் வடியும் முகத்துக்கும் மஞ்சள் இதமாக இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மஞ்சள் தோலை வெள்ளையாக்காது. கழுவியதும் கண்ணாடியில் தெரிகிற அந்தப் பளிச்சிடல், மேலே இருந்த செத்த தோல் போனதாலும் மஞ்சள் சாயம் கொஞ்சம் ஒட்டியதாலும் வருவது. இரண்டு நாளில் உங்கள் நிறம் உங்களிடமே திரும்பி வரும். அந்த நிறத்தில் குறை எதுவும் இல்லை. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவருடைய நிறம்தான் எனக்கும்.

எந்த மஞ்சள் என்பது அடுத்த விஷயம். 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது விலை எங்கே போனது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரம் மாவும் சாயமும் கலந்த தூள் நிறைய கைமாறியது. கலப்படம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பங்களாதேஷில் கிழங்கு பளபளவென்று இருக்க வேண்டுமென்று ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தையே பூசி விற்றதை 2019 இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஈயம் தோல் வழியாக உள்ளே போவது குறைவுதான். ஆனால் முகத்துக்கு எடுக்கிற அதே தூள்தானே குழம்புக்கும் போகிறது, சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

நான் தூள் வாங்குவதில்லை. கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களிலேயே மஞ்சள் வைக்கிறார்கள். அங்கே போகிறவர்களிடம் சொல்லி, அவித்துக் காய வைத்த கிழங்காக எடுப்பேன். வந்ததும் ஒன்றை உடைத்துப் பார்ப்பேன். உள்ளே ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம் இருக்க வேண்டும், வெளித்தோல் மங்கலாக இருக்க வேண்டும். வெளியே பளீரென்று மஞ்சளாக இருந்து, விரலால் தேய்த்ததுமே கலர் ஒட்டினால் வேண்டாம். தூள்தான் கிடைக்கிறது என்றால், ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நல்ல தூள் பெரும்பாலும் அடியில் படியும், தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுக்கக் கடும் மஞ்சளானால் அந்தப் பக்கெட்டை விட்டுவிடுங்கள். இது ஆய்வுகூடச் சோதனை இல்லை, வீட்டில் செய்யக்கூடிய முதல் சல்லடை.

நான் கலக்கும் முறை இதுதான். பயற்றம் மா இரண்டு தேக்கரண்டி, புளிக்காத தயிர் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி. கால்தான், கூட்ட வேண்டாம். பயற்றம் மா இல்லாவிட்டால் கடலை மா. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை பனியிலும் காற்றிலும் கன்னம் வெடிக்கிறவர்கள் தயிருக்குப் பதில் பாலாடை சேர்க்கலாம். கலக்குவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இரண்டு தரம் சொல்வேன். விரல் இடுக்கில் இருக்கிற கொழுந்துக் கறையோடு, புல்லுக்கு அடித்த மருந்தும் இருக்கலாம்.

முதல் தடவை பூசுகிறவர்கள் முகத்தில் ஆரம்பிக்க வேண்டாம். முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு பொட்டளவு பத்து நிமிடம் வைத்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரித்தாலோ தடித்தாலோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மஞ்சளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். கடலை மாவும் தயிரும் ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள்.

பூசியபின் பத்து நிமிடம் போதும். பிழை நடக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். காய்ந்து முகம் இழுக்கும்வரை வைத்தால்தான் வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை. குளிருக்குப் பூச்சோடு விறகு அடுப்பு முன்னால் குந்தியிருப்பவர்களும் உண்டு. சூட்டில் அது ஓடு மாதிரி இறுகி, தோலில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். உரித்து எடுக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வரும். ஈரம் இருக்கும்போதே கழுவுங்கள். பீலித் தண்ணீர் விறைக்கும் என்றால் இளஞ்சூடாக்கிக் கொள்ளுங்கள். தேய்க்காமல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினால் தானாக இறங்கும். இரவில் பூசுவது நல்லது. வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

மஞ்சள் கறை நின்றால் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆலத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும். சவர்க்காரத்தின் காரம் மஞ்சளைச் சிவப்பாக்கும், கறை இன்னும் எடுப்பாகத் தெரியும். நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். பரு நிறைய உள்ளவர்கள் எண்ணெயை உடனே துடைத்துவிட வேண்டும்.

அப்பச் சோடா, பற்பசை, பொடியாக்கிய சீனி இவற்றை எந்தப் பூச்சிலும் போட வேண்டாம். உடைந்த பரு, கரப்பான், புண் இருக்கும் முகத்தில் மஞ்சளும் வேண்டாம். மேலுதட்டிலும் தாடையிலும் முடி அடர்த்தியாக வளர்கிற பிள்ளைகள் மஞ்சளைத் தேய்தேய் என்று தேய்க்கிறார்கள். வேரோடு போகாது. மாதவிலக்கும் சரியாக வராமல் இருந்தால் அது உள்ளே பார்க்க வேண்டிய விஷயம், டொக்டரிடம் போக வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கிறீம். பெயர், செய்த நாடு, காலாவதித் திகதி எதுவும் சரியாக இல்லாத சின்ன டப்பா. யாரோ கையில் கொண்டு வந்து விற்பார்கள், இப்போது போனிலும் ஓடர் பண்ணுகிறார்கள். அதைக் கொஞ்சம் மஞ்சளோடு குழைத்து "வீட்டுப் பேஸ்பெக்தான்" என்று பூசுகிறார்கள். இப்படியான வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் இருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்டீரோயிட் மருந்து இருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும், ஊரெல்லாம் கேட்கும். பிறகு தோல் மெலிந்து, சின்ன ரத்த நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் முன்பை விட மோசமாகச் சிவந்து பரு கிளம்பும். அந்தப் பயத்தில் மறுபடி அதையே பூசுவார்கள்.

ஒரு அக்கா எட்டு மாதம் பூசியிருந்தார். நான் விரலை வைத்து எடுத்த இடத்தில் கன்னம் சிவந்து, அந்தச் சிவப்பு போக வெகுநேரம் எடுத்தது. மஞ்சள் மட்டும்தான் போடுகிறேன் என்று மூன்று முறை சொன்னார். நாலாவது முறைதான் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தார். நான் கோபிக்கவில்லை. வெள்ளையாக இருந்தால்தான் பெண் பார்க்க வருவார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊரில் ஒரு பெண் வேறு என்ன செய்வாள்?

இப்படி ஒரு கிறீமை மாதக்கணக்கில் பூசியிருந்தால் என்னைப் போன்றவர்களிடம் வர வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். சல்லி கட்டத் தேவையில்லை. எப்படி நிறுத்துவது என்றும் அவர்களே சொல்வார்கள். போகும்போது அந்த டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள், பாதி தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை. என்னென்ன பூசினீர்கள், எத்தனை மாதம் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். கேட்டால் மஞ்சள் மட்டும்தான் என்று சொல்லாதீர்கள்.