இடைவெளிகளின் கடவுள்

அறிவியல் இன்னும் விளக்காத ஒன்றைச் சுட்டி, 'இது இறைவன் செயலன்றி வேறென்ன?' என்று கேட்பவரை மறுக்க நாத்திகர்கள் இன்று எடுத்தாளும் சொற்றொடர் 'இடைவெளிகளின் கடவுள்'. ஆனால் அதை உருவாக்கிப் பரப்பியவர்கள் பெரும்பாலும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர்களே.

அவர்கள் அஞ்சியது எதை என்பதற்கு நியூட்டனே நல்ல சான்று. கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதைகளில் சிறு பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இவ்வமைப்பைச் சீர்திருத்த வேண்டிவரும் என்று அவர் தம் ஒளியியல் நூலில் எழுதினார். சீர்திருத்துபவர் கடவுள் என்பதே அதன் உட்கிடை. தாம் செய்த கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டியவரா கடவுள் என்று ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1715இல் எள்ளினார். கணக்கு வழியான விடைக்கு மேலும் 70 ஆண்டுகள் ஆயின. வியாழன் படிப்படியாக விரைவதும் சனி மந்தமாவதும் வானியலாளர்களைக் குழப்பியிருந்தன. வியாழன் ஐந்து முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் சனி ஏறத்தாழ இரண்டு முறை சுற்றுவதால், இரண்டும் நெருங்கும் இடங்கள் மிக மெதுவாகவே நகர்கின்றன. ஆகவே ஈர்ப்பின் விளைவு நூற்றாண்டுக் கணக்கில் ஒரே திசையில் திரண்டு, பின்னர் எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. சுமார் 900 ஆண்டுகளில் நிறைவுறும் இந்தச் சுழற்சியைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1780களில் கணக்கிட்டுக் காட்டினார். உங்கள் நூலில் கடவுள் எங்கே என்று கேட்ட நெப்போலியனிடம் 'அந்தக் கருதுகோள் எனக்குத் தேவைப்படவில்லை' என்று அவர் சொன்னதாக வழங்கும் புகழ்பெற்ற பதில் உண்மையோ கதையோ, கடவுளுக்கென நியூட்டன் விட்டுவைத்த வேலை பெரிதும் குறைந்துபோனது.

அறிவியல் முன்னேற முன்னேறக் கடவுளின் இடம் சுருங்கும் இந்தப் பின்வாங்கலைத்தான் ஸ்காட்லாந்து நற்செய்தியாளர் ஹென்றி டிரம்மண்ட் கண்டித்தார். பரிணாமத்தை ஏற்ற அவர், 1894இல் வெளியான நூலில், அறிவியலில் இடைவெளி தேடிக் கடவுளைக் கொண்டு அடைக்கும் பக்தர்களை நோக்கி, கடவுள் என்ன இடைவெளிகளிலா வாழ்கிறார் என்று கேட்டார். எப்போதாவது வந்து அற்புதம் செய்பவரைவிட, வளர்ச்சி முழுவதிலும் உறைந்திருப்பவரே மேலானவர் என்பது அவர் வாதம். குருமாரைச் சாடிய ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதே படிமத்தைக் கையாண்டிருந்தார்.

நாஜிகளின் டெகல் சிறையில் இயற்பியல் நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்த இறையியலாளர் போன்ஹோஃபர், கடவுளை நாம் அறிந்தவற்றில் காண வேண்டுமே தவிர அறியாதவற்றில் அன்று என 1944 மே மாதம் நண்பருக்கு எழுதினார். சொற்றொடரைப் பரவலாக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சார்லஸ் கூல்சன்: குவாண்டம் வேதியியலின் முன்னோடி, மெதடிஸ்ட் திருச்சபையில் பிரசங்கியும்கூட. அறியாத இடத்தை அடைந்ததும் கடவுளைக் கண்டுவிட்டதாக மகிழாமல், மேலும் தேர்ந்த அறிவியலாளராக முயல வேண்டும் என்று 1955இல் வெளிவந்த தம் நூலில் அவர் வலியுறுத்தினார்.

இன்று இச்சொல் சற்றுத் தாராளமாகவே வீசப்படுகிறது. இயற்கை விதிகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்வி, அடுத்த அளவீட்டால் அடைபடக்கூடிய இடைவெளி அன்று. அங்கே இந்த மறுப்பு செல்லாது.